கழுத்துக் கோடு

பதிவேட்டில் எனக்கு ஏறக்குறைய எல்லாம் நிரம்பிவிட்டது.
மூச்சுக்குழல் செருகல் நாற்பத்தாறு,
நெஞ்சுக்கூட்டுக் குழாய் பதினொன்று.
சாணிப்பவுடர், அரளி விதை, எலிமருந்து
எண்ணுவதை நிறுத்திப் பல மாதம்.
ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி:
தொண்டையைக் கீறி மூச்சுக்கு வழி திறத்தல்.
வருஷத்துக்கு ஒன்று வரலாம். வராமலும் போகலாம்.
தில்ஷாத்துக்குப் போன ஐப்பசியில் கிடைத்தது.
கிடைத்தது. நாங்கள் அப்படித்தான் பேசுவோம்,
ஆஸ்பத்திரி எதிர் டீக்கடையில், கூச்சமே இல்லாமல்.

பயிற்சிக் கூடத்தில் ஒரு ரப்பர் பொம்மை உண்டு.
ஏழு பேட்ச் அறுத்த கழுத்து.
கத்தியை வைத்தால் போதும்,
பழைய பிளவில் அதுவே இறங்கிவிடும்.
அதில் தோற்றவர் யாருமில்லை.

அதனால் ஞாயிறு விடிகாலை
செவ்வாய்ப்பேட்டைக் கறிக்கடையில் நின்று
மூச்சுக்குழல் மட்டும் தனியாக வேண்டும் என்றேன்.
"சூப்புக்கா?"
"அறுத்துப் பழக."
கடைக்காரர் என் கையை ஒருமுறை பார்த்தார்.
காசு வாங்கவில்லை.

விடுதிக் குளியலறையில், பிளாஸ்டிக் முக்காலி மேல்,
ஆட்டின் குரல்வளையை வைத்துத் தடவினேன்.
இரண்டு குருத்தெலும்புக்கு நடுவே
ஒரு சின்னப் பள்ளம், மெத்தென்று.
முதல் முறை பின்சுவர் வரை கிழித்தேன்.
ஆறாவது முறை நாற்பது நொடி.
ஒன்பதாவது, கண்ணை மூடிக்கொண்டு.
ஆடு எதுவும் சொல்லவில்லை.
ரத்தம் இல்லை, துள்ளல் இல்லை,
வாசலில் நின்று கத்தும் மச்சான் இல்லை.

புதன் மாலை நூற்றியெட்டிலிருந்து போன்.
நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம்.
சில்வர் ஓக் கிளை கழித்தவரைக் கதண்டு கொட்டியிருக்கிறது,
எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.
ஊசி ஒன்று போட்டாயிற்று.
நாச்சிமுத்து வண்டி ஓட்ட,
மலைப்பாதை முழுவதையும் டெக்னீசியன்
எங்கள் காதுக்குள் இறக்கினார்:
பதினெட்டாவது வளைவு, முகம் வீங்குது டாக்டர்.
பன்னிரண்டு, குரல் மாறுது.
ஏழு, கேட்டா தலையை மட்டும் ஆட்டுறாரு.
மூன்றாவதில் சிக்னல் போய்விட்டது.

சடையப்பன், நாற்பத்தொன்று.
நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை.
தில்ஷாத் தலைமாட்டில், குழலோடு.
நான் கழுத்தோரம், கத்தியோடு.
நீல மார்க்கரால் நடுவில் ஒரு கோடு இழுத்தேன்.
வீங்கிய கழுத்தில் பள்ளம் தெரியாது,
விரல்தான் கண்.
கண்டுபிடித்தேன். ஆட்டுக்கு இருந்த அதே இடம்.
ஆனால் இது என் விரலுக்கடியில் எச்சில் விழுங்கியது.

எண்பத்தெட்டு. எண்பத்தொன்று. எழுபத்து நாலு.
"ஒரே தடவை பார்க்கிறேன்,
இல்லையென்றால் நீ."

இல்லையென்றால் நான்.
கை நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
உள்ளே ஒரு மாணவி
கட்டத்தை நிரப்பப் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள்.

"போயிடுச்சு," என்றாள் தில்ஷாத்.
உயிர் என்று நினைத்து
ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் தொப்பியைக் கழற்றினார்.
குழல். போனது குழல்.
எழுபத்தொன்பது. எண்பத்தாறு. தொண்ணூற்று மூன்று.
கத்தியைத் தட்டில் வைத்தேன்,
சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.
சந்தோஷம் வந்தது, பொய்யில்லை.
ஆனால் அது இரண்டாவதாக வந்தது.

சனிக்கிழமை வார்டில்
சடையப்பன் கஞ்சி குடித்தபடி
கதண்டின் வம்சத்தையே ஏசிக்கொண்டிருந்தார்.
வெள்ளச்சி ஈரத்துணியால் அவர் கழுத்தைத் தேய்த்தார்.
"இந்தக் கோடு என்னங்க, போகவே மாட்டேங்குது?
ஆபரேசன் பண்ணீங்களா?"
"இல்லைங்க. பண்ணல."
"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொடுத்தேன்.
இரண்டே இழுப்பு.
பஞ்சு நீலமானது.